தாமரைக்காக நிரப்பிய பாரம்

1

இந்தக் கதை என் கற்பனையில் தோன்றவில்லை, வாட்ஸாப்பில் வந்தது. பதினொரு வருஷமாக என்னோடு பேசாத பழைய தோழி தாமரை, சுகமா என்றுகூடக் கேட்காமல் எழுதியிருந்தாள்:

"மாதவி, எனக்கு ஆட்டிசம் இருக்கலாம்னு டாக்டர் சொல்றாங்க. என்னை ரொம்ப வருஷமா தெரிஞ்ச ஒருத்தர் பாரம் நிரப்பணும். அம்மா இப்ப இல்ல. நீதான் இருக்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

நாற்பத்தாறு வயதில் ஒருத்திக்கு இப்படி ஒரு செய்தி வருகிறது. அதைச் சொல்ல அவளுக்குக் கிடைத்த ஆள், அவளை வீட்டைவிட்டு வெளியே போகச் சொன்னவள்.

2

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

"தாமரைக்கு மனிதர்களைப் புரியாது, ஆந்தைகளைத்தான்..." (வேண்டாம். அழகாக இருக்கிறது, ஆனால் பொய்.)

"பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் வாடகைக்கு இருந்த அறையில் ஐந்து வருஷம் ஒரே பாத்திரத்தில் மீ கோரெங் சாப்பிட்ட..." (இதுவும் பொய். அவள் மீ கோரெங் நூடுல்ஸைத் தொடவே மாட்டாள். ஐந்து வருஷமும் வெறும் சோறும் முட்டையும்தான்.)

மூன்றாவதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதில் அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருந்தேன்.

உள்ளதைச் சொல்கிறேன். தாமரைக்கு கேரி தீவில் பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை. எலிகளைப் பிடிப்பதற்காக அங்கே ஆந்தை வளர்க்கிறார்கள். மரங்களுக்கு நடுவே கம்பம் நட்டுக் கூடு வைத்திருக்கிறார்கள். எந்தக் கூட்டில் எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு என்று கணக்கெடுப்பது அவள் வேலை. ஆந்தை ஆகாது என்று சொந்தக்காரர்கள் அதற்கும் அவளை ஏசினார்கள். திமிர் பிடித்தவள் என்ற பெயர் ஏற்கெனவே இருந்தது. கல்யாண வீட்டில் பாதியில் எழுந்து போவாள், கேட்டதற்கு நேராகப் பதில் சொல்வாள், முகம் பார்க்க மாட்டாள்.

3

பாரத்தில் நாற்பது கேள்விகள். பத்து நிமிஷ வேலை என்று உட்கார்ந்தேன்.

"அதிக சத்தம் இருக்கும் இடங்களில் இவர் எப்படி நடந்துகொள்வார்?"

என் அப்பாவின் இறுதிச் சடங்கு நாள் நினைவுக்கு வந்தது. கிள்ளானில் எங்கள் வீட்டு வாசலில் காலையிலிருந்தே மேளம். தாமரை இரண்டு பஸ் மாறி வந்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தாள். சித்தி அதைப் பார்த்துவிட்டு, மரியாதை தெரியாதவள் என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிணத்தை எடுக்கும்வரை நான்கு மணி நேரம் அவள் அங்கேயே நின்றாள் என்பது, அந்தக் கேள்வியைப் படித்தபோதுதான் எனக்குக் கணக்கில் வந்தது.

(இந்த இடத்தில் எழுத்தை நிறுத்திவிட்டு இரண்டு நாள் வேறு வேலை பார்த்தேன். வாசகர் அப்படிச் செய்யத் தேவையில்லை.)

அப்பாவை எடுத்துப்போன பிறகு அவள் என்னிடம் வந்து சொன்ன ஒரே வாக்கியம்: "பேப்பர் மரண அறிவிப்புல அப்பா பொறந்த வருஷம் தப்பா போட்டிருக்காங்க."

வெளியே போ என்றேன். போய்விட்டாள்.

அந்தப் பாரத்தை முடிக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

4

முடிவு ஆட்டிசம்தான் என்று வந்தது. அவளுக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்து போன் செய்தேன். "இல்லலா. இதுக்கு ஒரு பேர் இருக்குன்னு தெரிஞ்சிருச்சு," என்றாள்.

இரண்டு மாதம் கழித்து என்னை ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டாள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்கு மேல்மாடி. அவளைப் போலவே வயதான பிறகு தங்களுக்கு ஆட்டிசம் என்று தெரிந்துகொண்ட ஆறு பேர் மாதம் ஒருமுறை கூடுகிறார்கள். மின்விசிறி சத்தம் போடுகிறது என்று அதை நிறுத்தியிருந்தார்கள். எல்லோரும் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாருக்கும் கை கொடுக்கவில்லை. எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அந்த அறையில் எப்படி நடந்துகொள்வது என்று தெரியாத ஒரே ஆள் நான்தான்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் நிஜாம் என்பவர், ஐம்பதைத் தாண்டியவர், தாமரையிடம் ஆந்தைகளைப் பற்றிக் கேட்டார். அவள் சொல்லத் தொடங்கினாள். பத்து நிமிஷம் ஆயிற்று. பழக்கதோஷத்தில் அவள் தானே நிறுத்தி, "போதுமா?" என்று கேட்டாள்.

"ஏன் நிறுத்துறீங்க? மூணாவது குஞ்சு என்ன ஆச்சுன்னு சொல்லவே இல்லையே," என்றார் நிஜாம்.

தாமரை சிரித்தாள். ஐந்து வருஷம் ஒரே அறையில் இருந்தும் நான் கேட்டிராத சிரிப்பு அது. பிறகு இன்னும் அரை மணி நேரம் பேசினாள்.

கீழே தே தாரிக் குடிக்கும்போது அந்தப் பழைய வாக்கியத்தைப் பற்றிக் கேட்டேன். ஏன் அன்றைக்கு அப்படிச் சொன்னாய்?

"அப்பாவப் பத்திப் பேப்பர்ல வர்றது அதுதான் கடைசி. சரியா இருக்கணும்னு நெனச்சேன்," என்றாள். "உங்க வீட்ல எனக்குச் சோறும் முட்டையும் தனியா எடுத்து வெச்சது அவர் மட்டும்தான்."

5

இதற்கு ஒரு முடிவு எழுதினேன். நான் மன்னிப்புக் கேட்கிறேன், அவள் என் கையைப் பிடிக்கிறாள், இரண்டு பேரும் அழுகிறோம், வெளியே மழை. அதை அவளுக்கு அனுப்பினேன். பதில் வந்தது:

"மழை பெய்யல. நீ மன்னிப்புக் கேக்கல. நான் அழல. அன்னிக்கு நான் சந்தோஷமா இருந்தேன், அத ஏன் எழுதல?"

திருத்த உட்கார்ந்தேன். எழுதிய முடிவை அழித்தேன். அவள் சொன்னது சரி. பதினொரு வருஷத்துக்கு அப்புறமும் நான் மன்னிப்புக் கேட்டது காகிதத்தில் மட்டும்தான்.

நாளை சனிக்கிழமை. மறுபடி கூட்டம் இருக்கிறது. இந்த முறை வாய்விட்டுக் கேட்கப் போகிறேன். அவள் என்ன சொல்வாள் என்று தெரியாது, தெரிந்ததுபோல இனிமேல் எழுதவும் மாட்டேன். மிச்சத்தை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள். அவளை மட்டும் அழ வைக்காதீர்கள்.