மூழ்கிய வண்டிகளின் பலகை

எங்கள் ஊர் தீயணைப்புக் கொட்டகையின் வெளிச்சுவரில் ஒரு பலகை இருக்கிறது. கனடாவின் ஃபண்டி வளைகுடா விழுங்கிய வண்டிகளின் பட்டியல் அது. என்ன வண்டி, யாருடையது, எந்த ஊர். மொத்தம் இருபத்தாறு, எல்லாம் வெளியூர், எல்லாம் கறுப்பு எழுத்து. டொரன்டோ மட்டும் பதினொன்று.

முப்பது வருடமாக அதை எழுதும் தூரிகை என் கணவன் வென்டலிடம் இருந்தது. உள்ளூர்க்காரன் எவனாவது வண்டியைக் கடலுக்குக் கொடுத்தால் அவன் பெயர் சிவப்பில் ஏறும், தூரிகை வைத்திருப்பவனே கொடுத்தால் தூரிகையும் கை மாறும் என்று சட்டம் போட்டதும் அவன்தான். நடக்கவே நடக்காது என்ற தைரியத்தில் போட்ட சட்டம். அந்தத் தூரிகையைச் சவரச் சாமான்களோடு வைத்திருந்தான். என் பல் துலக்கும் பிரஷ்ஷுக்குக்கூட அந்த அலமாரியில் இடம் இல்லை.

நான் டொரன்டோவில் பிறந்தவள். இங்கே வாழ்க்கைப்பட்டு முப்பத்தெட்டு வருடம் ஆகிறது. ஆனாலும் பக்கத்து வீட்டுத் தெல்மாவுக்கு நான் இன்னும் வெளியூர்க்காரிதான். என் கையால் செய்த மீன் சூப்பை இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, "வெளியூர்க்காரிக்கு இது பரவாயில்ல" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன ஜூலையில் என் தங்கை ஜாய்ஸும் அவள் கணவன் நெவிலும் டொரன்டோவிலிருந்து வந்தார்கள். ஜாய்ஸ் முழங்கால் வலி என்று படுத்துவிட்டாள். நெவிலைக் கடலோரமாகக் கூட்டிக்கொண்டு போய், பார்சன் தீவில் சாப்பிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. இங்கே கடல் தினம் இரண்டு முறை வற்றி ஏறும்; வற்றினால் தீவுக்கு ஒரு கல்லுப்பாதை தெரியும். வற்றி முடிகிற நேரத்துக்கு முன்னால் ஒன்றரை மணி, பின்னால் ஒன்றரை மணி, அவ்வளவுதான் அதில் வண்டி ஓட்டலாம்.

கிளம்பும்போது வாசலில் நின்று வென்டல் கேட்டான்: "ஆர்டிஸ், இன்னிக்கு எப்ப வத்துது?"

அடுப்படி நாட்காட்டியில் கடல் நேரம் இருக்கும். பார்த்துச் சொன்னேன். "பதினொன்னு நாப்பது."

"அப்ப பன்னெண்டு நாப்பது" என்றான். அந்த நாட்காட்டியில் குளிர்கால நேரம்தான் அச்சாகும். கோடையில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்போம்; அதனால் அச்சில் உள்ளதோடு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். இங்கே எல்லோருக்கும் அது கைப்பழக்கம். நான் லன்ச் கூடையைத் தேடிக்கொண்டிருந்ததில் அவன் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

செம்மண் பாறைகளை ஒட்டிப் போகிற சாலையில் வென்டல் ஒரு கையால் ஓட்டினான். துறையில் படகுகள் சேற்றில் குந்தியிருந்தன. நெவில் வளைவுக்கு வளைவு இறங்கிப் படம் எடுத்தான்.

"சகலை, காலைல தண்ணி மேல நின்ன படகு, இப்பத் தரையில உக்காந்திருக்கே."

"ஆமா. சாயங்காலம் எந்திரிக்கும். ஒன்ன மாதிரிதான், சாப்பாடு ஆனா சாஞ்சிரும்."

கல்லுப்பாதையில் ஏறும்போது நெவில் செல்போனைப் பார்த்தான். "சகலை, இதுல பதினொன்னு நாப்பதுக்கே வத்திரும்னு போட்டிருக்கு. ஒன்னு பத்துக்குள்ள நாம திரும்பணும்."

"அது ஒரு மணி நேரம் கூட்டியிருக்காது."

"செல்போன் தானாவே கூட்டிக்குமே."

"எங்க கடலப் பத்தி டொரன்டோ போன் எனக்குச் சொல்லுது பாரு. ரெண்டு பத்து வரைக்கும் ஒருத்தரும் அசைய வேணாம்."

எனக்கும் சிரிப்புதான் வந்தது. முப்பத்தெட்டு வருடத்தில் கடல் விஷயத்தில் வென்டல் தவறி நான் பார்த்ததில்லை. நானும் அவனோடு சேர்ந்துகொண்டு, "பயப்படாம சாப்பிடு நெவில்" என்றேன். சொன்னதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

தீவில் சாப்பிட்டு முடித்தோம். ஒன்று அடித்ததும் நெவில் எழுந்து நின்றான். வென்டல் அவனை வெறுப்பேற்றுவதற்கென்றே பாறையில் கால்நீட்டிப் படுத்துத் தொப்பியை முகத்தில் கவிழ்த்தான். குறட்டையும் விட்டான். முதலில் பொய்க்குறட்டை, பிறகு நிஜம்.

ஒன்று முப்பதுக்கு நானே பார்த்துவிட்டு அவனை உலுக்கினேன். பாதையின் நடுவில் பழுப்புத் தண்ணீர் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

வென்டல் உட்கார்ந்து பார்த்தான். முகத்தின் நிறம் மாறியது. ஆனால் வாய் மாறவில்லை. "காத்து தள்ளுது. டயர் நனையும், அவ்வளவுதான்."

முக்கால் பாதை வந்தோம். எஞ்சின் இருமி நின்றது. கதவைத் திறந்தபோது தண்ணீர் என் லன்ச் கூடையை எடுத்துக்கொண்டு போனது. மூவரும் கைகோத்து முழங்கால் தண்ணீரில் கரையேறினோம். நடுவில் நெவில். செல்போனைத் தலைக்குமேல் பிடித்திருந்தான்.

"சகலை, நான் சொன்னேன்னு சொல்லமாட்டேன்."

"சொல்லாத."

"சொல்லலையே."

கரையில் ஊரே மடக்கு நாற்காலியோடு வந்து உட்கார்ந்திருந்தது. வண்டி முழுகினால் காபிக் குடுவையோடு வந்து பார்ப்பது இங்கே வழக்கம். முதல் நாற்காலி எப்போதும் வென்டலுடையதுதான். அன்றைக்கும் அவன் நாற்காலி வந்திருந்தது, அதில் தெல்மா இருந்தாள்.

"உக்காரு வென்டல்" என்று எழுந்து இடம் கொடுத்தாள். "இங்கேருந்து நல்லாத் தெரியும்."

அவன் உட்காரவில்லை. வண்டியின் கூரை மறைகிறவரை நின்று பார்த்தான்.

வீட்டுக்கு வந்ததும் நேராக நாட்காட்டியிடம் போனேன். பதினொன்று நாற்பது. என் கையெழுத்து, நீல மையில். வசந்தத்தில், வென்டலுக்கு வயதாகிறதே, என்றைக்காவது கூட்ட மறந்துவிடுவானோ என்று கோடைக்காலம் முழுவதற்கும் நானே ஒரு மணி நேரம் கூட்டி, அச்செழுத்தின்மேல் வெள்ளை பூசி எழுதி வைத்திருந்தேன். அவன் கொட்டகைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். "ம்" என்றான். அந்தக் கோடையில் நாங்கள் தீவுக்குப் போனது அதுதான் முதல் தடவை; அதற்குள் நானே மறந்தும் போயிருந்தேன். நான் ஒருமுறை கூட்டியதை அவன் இன்னொருமுறை கூட்டியிருக்கிறான்.

யாருக்கும் தெரியாது. சொன்னால் தெல்மா என்ன சொல்வாள் என்பது எனக்கு மனப்பாடம். நாட்காட்டியைக் கழற்றி அடுப்பில் போடலாமா என்றுகூட யோசித்தேன், பொய் சொல்வானேன்.

மறுநாள் காலை பலகைக்கு முன்னால் ஊர் மறுபடி நாற்காலியோடு கூடியது. வென்டல் சிவப்பு டப்பாவைத் திறந்தான். அவனை வற்புறுத்த ஆள் தேவைப்படவில்லை. தன் பெயரைத் தானே எழுதினான். எப்போதும் நேராக எழுதுகிறவன், அன்று எழுத்து கீழ்நோக்கிச் சரிந்தது. எனக்குத் தாங்கவில்லை.

கோட்டுக்குள்ளிருந்து நாட்காட்டியை எடுத்து எல்லோர் முன்னாலும் பிரித்தேன். "தப்புல பாதி என்னோடது" என்று நடந்ததைச் சொன்னேன்.

 வென்டல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நீல மையை நெடுநேரம் பார்த்தான்.

"சொல்லாமலே இருந்திருக்கலாமே, ஆர்டிஸ்."

"இருந்திருக்கலாம். ஒன் எழுத்து கோணலாப் போச்சு, பாக்க சகிக்கல."

அவன் சிரித்துவிட்டான். தூரிகையைத் துடைத்து, சட்டப்படி விட்டுக்கொடுக்க ஆள் தேடினான். பிறகு படம் எடுக்கத் தயாராக நின்ற நெவிலிடம் நீட்டினான். "நேரம் பாக்கத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். தப்புல பாதி அவளோடதாம், ஒங்க அக்கா பேரையும் நீயே எழுது."

நெவில் அதை மெழுகுவர்த்தி பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டான். இரண்டு டப்பாக்களையும் பார்த்தான். கறுப்பு, சிவப்பு. கறுப்பு வெளியூர்க்காரர்களுக்கு. எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு நெஞ்சு படபடத்து நின்றதில்லை.

"அக்காவுக்கு எந்தக் கலர்?" என்றான் அவன்.

வென்டல் வாயைத் திறப்பதற்குள் தெல்மா நாற்காலியிலிருந்து சலிப்போடு சொன்னாள்: "இது என்ன கேள்வி? சிவப்பத் தொடு."