மேற்குப் பக்கத்து இலைகள்

கொடியிலிருந்து கிள்ளிய இலையைத் திரும்ப ஒட்ட முடியாது. இதைத் தெரிந்துகொள்ள யாரும் படித்திருக்க வேண்டியதில்லை. எனக்கும் தெரியும். தெரிந்துதான் நாற்பது வரிசைத் திராட்சையையும் இரண்டு பக்கமும் மொட்டையடித்தேன்.

போன வருஷத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னைப் பைத்தியக்காரி என்று நினைப்பீர்கள். போன வருஷம் பழம் பழுக்கிற நேரம் பார்த்து மூன்று வாரம் விடாத மழை. இலைகள் குலைகளைப் போர்த்திக்கொண்டு கிடந்தன. உள்ளே காற்று போகவில்லை, ஈரம் காயவில்லை. குலையைச் சுற்றியிருக்கிற இலையைக் கிள்ளிவிட்டால் கொஞ்சமாவது காயும் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார், தாடையைச் சொறிந்தார். "நாளைக்குப் பாக்கலாம்" என்றார். அவர் பார்ப்பதற்குள் சாம்பல் பூஞ்சை பார்த்துவிட்டது. குலையைத் தொட்டால் பிசுபிசுவென்று கையோடு வந்தது. ஒரு கூடைகூடச் சாறு பிழிகிற ஆலைக்குப் போகவில்லை.

தோட்டம் எங்களுடையது மட்டுமல்ல. என் வீட்டுக்காரருக்கும் அவருடைய அண்ணனுக்கும் பொது. என் மூத்தார் நகரத்தில் இருக்கிறார். வருஷத்துக்கு ஒரு தடவை, அறுவடைக்கு முன்னால் வருவார். வரிசைகளுக்குள் இரண்டு நடை நடந்துவிட்டுக் கைக்குட்டையால் செருப்பைத் துடைத்துக்கொள்வார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சொல்ல முடிந்தால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். அழுகிய குலைகளைப் பார்த்துவிட்டுத் தம்பியின் தோளில் கை வைத்து, "இன்னும் ஒரு வருஷம் பாப்போம்டா. அப்பவும் இதே கதின்னா கொடியெல்லாம் பிடுங்கிடலாம். கிடங்கு கட்டறதுக்கு ஆள் கேட்டுக்கிட்டே இருக்கான்" என்றார்.

இருபத்திரண்டு வயதுக் கொடிகள். எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் என் வீட்டுக்காரர் தன் கையால் நட்டவை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவருக்கு வேறு வேலையும் தெரியாது, வேறு ஆசையும் கிடையாது. அந்தக் கொடிகளைப் பிடுங்கினால் மனுஷன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார் என்று எனக்கு அப்போதே பயம்.

பயந்தவள் வாயை அடக்கியிருக்கலாம். என்னால் முடியவில்லை. அன்றிலிருந்து அவருக்கு 'நாளைக்கு' என்று பெயர் வைத்தேன். குளிர்காலத்தில் கொடியை வெட்டிவிடுகிற கவாத்துக்கு வந்த பெண்கள் எதிரிலேயே, "நாளைக்கு வந்துட்டாரு, கத்தரியக் குடுங்க" என்பேன். அவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். மேஸ்திரியம்மா மட்டும் சிரிக்க மாட்டாள். அவள்தான் எங்களுக்கு ஆள் கூட்டி வருகிறவள், பதினைந்து வருஷமாக இந்தக் கொடிகளோடு புழங்குகிறவள். "எதுக்கும்மா இப்படி?" என்று ஒரு தடவை கேட்டாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவரும் கூடச் சேர்ந்து சிரிக்கத்தான் செய்தார். சிரிக்கிறாரே, அப்புறம் என்ன என்று நானும் விடவில்லை. வெயில் அடித்தால் சொல்லிக்காட்டினேன், தூறல் போட்டால் சொல்லிக்காட்டினேன். அரைத்த மாவையே ஒரு வருஷம் அரைத்தேன்.

இந்த வருஷம் துளிர் தாமதமாக வந்தது. பூக்கிற வாரத்தில் காற்று சுழற்றியடித்தது. இருந்தும் பிஞ்சு நன்றாகவே பிடித்தது. மிளகளவு, பட்டாணியளவு என்று கண்ணுக்கு முன்னால் பெருத்தது. அதற்குப் பிறகு மூடிக்கொண்ட வானம் ஐந்து வாரம் திறக்கவில்லை. காலையில் தூறல், மத்தியானம் புழுக்கம், சாயங்காலம் மறுபடியும் தூறல். பூஞ்சைக்கென்று தூவுகிற கந்தகமெல்லாம் மழையில் கரைந்து மண்ணுக்குப் போயிற்று. போதாததற்கு மருந்தடிக்கிற எஞ்சினில் பம்பு உடைந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அவர் டவுனுக்குப் புறப்பட்டார். திரும்ப இரண்டு நாள் ஆகும்.

எங்கள் வரிசைகள் தெற்கு வடக்காக ஓடுகின்றன. ஒவ்வொரு வரிசைக்கும் காலை வெயில் படுகிற கிழக்குப் பக்கம் ஒன்று, மத்தியான வெயில் படுகிற மேற்குப் பக்கம் ஒன்று. வண்டியில் ஏறுவதற்கு முன்னால் அவர் சொன்னார்.

"கிழக்குப் பக்கத்து இலைய எடுக்க ஆரம்பிச்சிடு. நீ சொல்றது சரிதான், காத்து போகணும். ஆனா மேக்குப் பக்கத்தத் தொடாத. திடீர்னு வானம் தெளிஞ்சா மத்தியான வெயில்ல காய் வெந்துடும்."

"வெயிலா? இந்த வருஷம் அப்படி ஒண்ண எங்கயாவது பாத்தீங்களா?"

"வரும். வராம எங்க போகும்? கிழக்கு மட்டும் எடு. மேக்க நான் வந்து பாத்துக்கறேன்."

வேறு எப்படிச் சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனோ என்னவோ. 'வந்து பாத்துக்கறேன்' என்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் நாள் கிழக்குப் பக்கத்தை முடித்தோம். மறுநாள் காலை பதினேழாவது வரிசையில் ஒரு குலையைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் ஒரே ஒரு காயில் சாம்பல் நிறம். ஒன்றுதான். என் கண்ணுக்குத் தோட்டம் முழுக்கத் தெரிந்தது. "மேக்குப் பக்கமும் எடுங்க" என்றேன்.

மேஸ்திரியம்மா கையை நிறுத்தினாள். "ரெண்டு பக்கமுமா? அய்யா சொன்னாரா?"

"அய்யாவா? அவரு நாளைக்குச் சொல்லுவாரு."

பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு ருசியாக இருந்தது, அதையும் மறைக்கப் போவதில்லை. சாயங்காலத்துக்குள் நாற்பது வரிசையும் முடிந்தது. குலைகள் வெளிச்சத்தில் வரிசையாகத் தொங்கின. காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போயிற்று. இதைத்தானே போன வருஷம் சொன்னேன் என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் பம்போடு வந்தார். எஞ்சினை இறக்கக்கூட இல்லை, நேராக வரிசைகளுக்குள் போனார். நான் பின்னாலேயே போனேன், சண்டைக்குத் தயாராக. அவர் சண்டை போடவில்லை. கீழே கிடந்த இலைகளில் ஒன்றை எடுத்து, காம்பைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வானம் இப்படியே இருந்தா தேவலை" என்றார். அவ்வளவுதான்.

வானம் இன்னும் நான்கு நாள் அப்படியே இருந்தது. ஐந்தாம் நாள் விடிந்தபோது ஒரு பொட்டு மேகம் இல்லை. எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா? ஐந்து வாரமாக ஈரவாடை அடித்த துணிகளையெல்லாம் எடுத்துக் கயிற்றில் போட்டேன். பாட்டுகூடப் பாடினேன். மத்தியானம் பம்பு ஷெட்டுச் சுவரில் இருக்கிற வெப்பமானி முப்பத்தெட்டு காட்டியது. மறுநாள் நாற்பத்தொன்று. மூன்றாம் நாள் நாற்பத்துநான்கு. மேற்கிலிருந்து அடித்த காற்று அடுப்பு வாயிலிருந்து வருவதுபோல முகத்தில் அறைந்தது.

ஐந்து வாரம் நிழலிலேயே வளர்ந்த காய்களுக்குத் தோல் மெல்லிசு. நானே இருட்டில் வைத்திருந்ததை நானே வெயிலில் உரித்துப் போட்டதுபோல ஆயிற்று. முதல் நாள் மேற்குப் பக்கத்துக் காய்களில் தேள் கொட்டின இடம்போல ஒரு பழுப்புப் புள்ளி. இரண்டாம் நாள் அது பாதிக் காய்க்குப் பரவியது.

மூன்றாம் நாள் நாங்கள் வீட்டைக் காலி பண்ணினோம். படுக்கை விரிப்பு, போர்வை, ஜன்னல் திரை, கோணி, பழைய பேப்பர் எல்லாம் தோட்டத்துக்குப் போயின. விருந்தாளி வந்தால் விரிக்க என்று பன்னிரண்டு வருஷமாக எடுத்து வைத்திருந்த பூப்போட்ட விரிப்பை நான்காகக் கிழித்தேன். துணி மாட்டுகிற கிளிப்பால், கொடி படர்கிற கம்பியில் மாட்டினோம். காற்று பேப்பரைப் பிய்த்துக்கொண்டு போனது. நான் ஓடி ஓடிப் பொறுக்கினேன். இரண்டு பேரும் சேர்ந்து மூன்று வரிசைக்கு மேல் மூட முடியவில்லை. மிச்சம் முப்பத்தேழு. ஒரு குலையை உள்ளங்கையில் ஏந்தினேன், சுட்டது. நசுங்கிய காயிலிருந்து காய்ச்சிய பாகு வாசனை வந்தது. அது நல்ல வாசனைதான், அதனால்தான் எனக்குக் குமட்டியது.

"போதும், விடு. உனக்கு மயக்கம் வந்துடும்" என்றார் அவர்.

"நீங்க சொன்னீங்க" என்றேன். "நீங்க படிச்சுப் படிச்சு சொன்னீங்க."

"தண்ணி குடி" என்றார்.

அடுத்த வாரம் ஆலையிலிருந்து பழம் பார்க்கிறவர் வந்தார். இரண்டு காயை நசுக்கிச் சாற்றைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சர்க்கரை நல்லாத்தான் இருக்கு" என்றார். அப்புறம் வரிசை நெடுகப் பார்த்துவிட்டு, "பழந்தான் இல்ல" என்றார். காய்ந்த திராட்சையாகவாவது எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். இது காய்ந்ததில்லை, வெந்தது, கசக்கும் என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

அதற்கு மறுநாள் மூத்தார் வந்தார். மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் தோட்டத்தைப் பார்த்துவிடலாம் என்றார். நான் தண்ணீர்ச் செம்போடு பின்னால் போனேன். அவருக்குக் கொடியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நினைத்திருந்தேன். வரிசைக்குள் கால் வைத்ததுமே அவர் கேட்டார்.

"மேக்குப் பக்கத்துல ஏண்டா ஒரு இலைகூட இல்ல? யாரு எடுக்கச் சொன்னது?"

வாயைத் திறப்பதற்கு எனக்கு நேரம் இருந்தது. நிறைய இருந்தது. செம்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன்.

"நான்தாண்ணே" என்றார் என் வீட்டுக்காரர். "அழுகிடுமோன்னு பயந்துட்டேன்."

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று சொல்லட்டுமா? அப்பாடா என்று இருந்தது. வெட்கம் பிறகுதான் வந்தது.

மூத்தார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கெஞ்சிப் பார்த்திருக்கலாம். "போன வருஷம் எடுக்கல, அழுகிச்சு. இந்த வருஷம் எடுத்தே, வெந்துச்சு. உம்மேல தப்பு சொல்லல. உனக்கு இது கை வரலடா. விட்டுடலாம்" என்றார். என் வீட்டுக்காரர் தலையாட்டினார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்வதற்குப் பிள்ளைகள் ஆட்டுவதுபோல.

மூத்தார் சாப்பிட்டுவிட்டுப் படுத்தபின் சமையற்கட்டில் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"உன்னைச் சொன்னா நீ தாங்க மாட்டே."

"நீங்க தாங்குவீங்களோ?"

"எனக்கென்ன, ஒரு வருஷமா கேட்டுப் பழகிட்டேன்" என்றார். குத்திக்காட்டச் சொல்லவில்லை. அந்த மனுஷனுக்குக் குத்திக்காட்டத் தெரியாது. ஏதோ செருப்பு காலுக்குப் பழகிவிட்டது என்பதுபோலச் சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனார்.

மறுநாள் காலை மூத்தார் கிளம்பினார். என் வீட்டுக்காரர் வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நான் சொல்லிவிட்டேன், மூச்சுவிடாமல்.

"மாமா, இலைய எடுக்கச் சொன்னது நான். அவரு ஊர்லயே இல்ல. மேக்குப் பக்கத்தத் தொடாத, வெந்துடும்னு சொல்லிட்டுத்தான் போனாரு. நான்தான் கேக்கல."

அவர் என்னைக் கனிவாகப் பார்த்துச் சிரித்தார். "புருஷனுக்காகப் பழிய உன் தலைல போட்டுக்கறே பாரு. கட்டினா உன்ன மாதிரி ஒருத்தியக் கட்டணும்மா."

"சத்தியமா மாமா. மேஸ்திரியம்மாவக் கேளுங்க."

அவள் கணக்குப் போட்டாற்போலச் சரியாக அந்த நேரத்துக்கு வந்தாள், கிழிந்த விரிப்புகளைப் பொறுக்கி மடித்துத் தர. மூத்தார் கூப்பிட்டுக் கேட்டார். அவள் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "அய்யாதான் சொல்லிட்டுப் போனாரு. ரெண்டு பக்கமும் எடுங்கன்னு" என்றாள். என் வீட்டுக்காரர் அவளிடமும் போய்ச் சொல்லி வைத்திருக்கிறார். இந்த ஒரு வேலையை மட்டும் அவர் தள்ளிப் போடவில்லை.

"சொல்லு, நடந்ததச் சொல்லு!" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவள் அழுதாளே தவிர மாற்றிச் சொல்லவில்லை.

"விடும்மா" என்றார் மூத்தார். காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கினார். "நீ சொல்றது மட்டும் நெசமா இருந்தா நான் ஏம்மா பிடுங்கச் சொல்லப் போறேன்? மேக்குப் பக்கத்த விடணும்னு அவனுக்குத் தெரிஞ்சிருந்தா, அந்த அறிவு இருக்கறவன்கிட்ட இன்னும் பத்து வருஷம் விட்டு வெச்சிருப்பேனே. அவனுக்கு வரலயேங்கறதுதான் என் வருத்தமே."

கார் போய்விட்டது. நான் வாசல் கேட்டருகே நின்றபடியே இருந்தேன். தோட்டத்தில் அறுக்காத குலைகள் காம்போடு காய்ந்து தொங்கின. பிடுங்குகிற இயந்திரம் அடுத்த மாதம் வரும் என்று முந்தின நாளே பேசி முடித்திருந்தார்கள். மூத்தார் இனி யார் சொன்னாலும் நம்பப் போவதில்லை, என் வீட்டுக்காரரே போய்ச் சொன்னாலும். இப்போது அவரைக் கூப்பிட்டு, 'நீங்க உண்மையைச் சொல்லியிருந்தா உங்க கொடி உங்களுக்கே இருந்திருக்கும்' என்று சொன்னால், மிச்சமிருக்கிற வாழ்நாள் முழுக்க அவர் அதை நினைத்துக்கொண்டிருப்பார்.

அவர் வாளியை வைத்துவிட்டு, ஈரக்கையை வேட்டியில் துடைத்தபடி வந்தார்.

"அண்ணன் கிளம்பிட்டானா? என்னமோ நின்னு பேசிக்கிட்டிருந்தியே, என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல" என்றேன். "உடம்பப் பாத்துக்கச் சொன்னாரு."