பூவம்மாவின் பெஞ்சு

எர்ணாவூர் மனையை எட்டுக் குடும்பம் சேர்ந்து வாங்கியது. ஒரே பத்திரம், எட்டுக் கைநாட்டு. நடுவில் வேலி கிடையாது. ஒரு வீட்டுக்கு விருந்தாளி வந்தால் எட்டு வீட்டுச் சாமானும் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். கேட்டு எடுத்தால்தான் அங்கே கோபம் வரும். "இன்னா, நான் அசலாளா?" என்பார்கள்.

சுகிர்தத்தின் மகள் தேவகிருபையைத் தன் மகனுக்குப் பெண் பார்க்க ராயபுரம் அரிசி மண்டிக்காரர் சிலுவைமுத்து வந்த அன்றும் அப்படித்தான். பக்கத்து வீட்டுப் பூவம்மா விடிந்ததும் தன் தேக்கு பெஞ்சைக் கொண்டுவந்து போட்டாள். பீங்கான் கோப்பை ஒரு வீட்டுடையது, வஞ்சிரம் இன்னொரு வீட்டுடையது. சுகிர்தத்தின் சொந்தச் சரக்கு என்று பார்த்தால் பெண்ணும் வாயும்தான். அந்த வாய்தான் கெடுத்தது.

பெஞ்சில் சாய்ந்தபடி சிலுவைமுத்து வெளியே பார்வையை ஓட்டினார்.

"இடம் பூரா யாருக்கு?"

மூட்டை தூக்கியே செத்துப்போன புருஷன் விட்டுப்போனது எட்டில் ஒரு பங்கு. மண்டிக்காரர் முன்னால் அதைச் சொல்ல சுகிர்தத்துக்கு நாக்குக் கூசியது.

"எங்களுதுதாங்க. அவரு வாங்கிப் போட்டது. மத்தவங்கல்லாம் வாடகைக்கு இருக்காங்க."

சொல்லிவிட்டுத் திரும்பினால், வாசலில் குழம்புச் சட்டியோடு பூவம்மா. சுகிர்தத்துக்கு உயிரே போய்விட்டது.

"நீயும் வாடகைதானா தாயி?" என்றார் சிலுவைமுத்து.

பூவம்மா சுகிர்தத்தைப் பார்க்கவில்லை. தலைகுனிந்து நின்ற தேவகிருபையைப் பார்த்தாள்.

"ஆமாங்க. தங்கமான அம்மா. வாடகை தள்ளிப் பூட்டாகூட ஒரு வார்த்த சொல்லாது."

"கல்யாணம் முடியட்டும். இவங்கள எழுப்பிட்டு ஒரு குடோன் போட்டுருவோம்."

"சொன்னீங்கன்னா காலி பண்ணிகினு பூட்றோங்க."

அப்போதாவது சுகிர்தம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெண் கரையேறினால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காபியை நீட்டினாள். சம்பந்தம் முடிவாகி அவர்கள் கிளம்பினார்கள்.

வெட்கம் சுகிர்தத்தைப் பிடுங்கித் தின்றது. பூவம்மா வருவாள், நேரே அடுப்பங்கரைக்குள் நுழைந்து வாய்க்கு வந்தபடி ஏசுவாள், காலில் விழுந்துவிடலாம் என்று காத்திருந்தாள்.

பொழுது சாயும்போது பூவம்மா வந்தாள். படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள்.

"யம்மா, பெஞ்ச எட்த்துக்கலாமா?"

உள்ளே வாடி என்று சொல்ல வாயெடுத்தாள் சுகிர்தம். பூவம்மா உத்தரவுக்காக அங்கேயே நின்றாள்.