டேஷ்போர்டுக்கு இரண்டு பக்கம்

நாக்குக்கும் கைகால் மாதிரி அசதி வரும் என்பது அக்காவுக்கு அந்தக் குளிர்காலத்தில்தான் தெரிந்தது. வேலை செய்து வந்த அசதி என்றால் வெந்நீரில் குளித்துவிட்டுப் படுத்தால் விடிவதற்குள் போய்விடும். இது அப்படிப் போகிற அசதி இல்லை. ஒருவர் பேச்சை இன்னொருவரிடம் தூக்கிக்கொண்டு போய், அவர் பதிலை இவரிடம் சுமந்து வந்து, பொழுது சாயும்வரை நடுவில் அலைந்த அசதி.

யார் பேச்சை யாரிடம் என்று கேட்டால், புருஷன் பேச்சைத் தம்பியிடம், தம்பி பேச்சைப் புருஷனிடம். மூவருக்கும் ஒரே கொட்டகையில்தான் வேலை. கார் ஏசி, ஹீட்டர், டேஷ்போர்டு எல்லாம் பார்ப்பார்கள். கேஸ் ஏற்றுவது, காற்றைக் குளிரவைக்கிற கூலிங் காயிலை மாற்றுவது, ஹீட்டரில் அடைப்பு எடுப்பது புருஷன் பொறுப்பு. தெருவில் அவருக்குக் கேஸ்காரர் என்றே பெயர். மீட்டர், சுவிட்ச், விளக்கு என்று மின்சாரம் ஓடுகிறதெல்லாம் தம்பி பங்கு. அவனை வயர் என்று கூப்பிடுவார்கள். ஆளும் அப்படித்தான், ஒல்லியாக, தொட்டால் ஷாக் அடிக்கிற மாதிரி இருப்பான். அக்கா சீட் உறை தைப்பாள், காற்று வரும் வாய்களைக் கழற்றித் தூசி எடுப்பாள், பெரிய கை நுழையாத சந்துகளில் தன் சின்னக் கையை விட்டு கிளிப்பைக் கழற்றுவாள். கொட்டகைக்கு வருகிற எல்லோருக்கும் அவள் அக்கா. நமக்கும் அப்படியே இருக்கட்டும்.

சண்டை என்று பார்த்தால் கடுகளவு. குளிர் தொடங்கின சமயத்தில், ஹீட்டரில் சூடு வரவில்லை என்று ஒரு வண்டி வந்தது. கேஸ்காரர் இன்ஜின் பக்கம் ஏதோ ஒன்றை மாற்றி அனுப்பினார். வண்டி அதே குளிரோடு திரும்பி வந்தது. வண்டிக்காரரை வைத்துக்கொண்டே தம்பி, "நான் அன்னிக்கே சொன்னேன் மாமா, உள்ள ஹீட்டர்லதான் அடைப்புன்னு" என்றான். சொன்னது நிஜம்தான். சொன்ன இடம்தான் சரியில்லை. கேஸ்காரர் முகம் சுண்டிப்போயிற்று. ஸ்பேனரைத் துணியில் துடைத்துக்கொண்டே, "இது யாரு கடை?" என்று கேட்டார்.

கூரை போட்ட நாளிலிருந்து கூட நின்றவனிடம் கேட்கிற கேள்வியா அது? அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. நின்ற பேச்செல்லாம் அக்கா தலையில் வந்து இறங்கியது.

"அவன்கிட்ட சொல்லு, பேட்டரி வயர எடுத்துட்டு அப்புறம் கை வைக்கட்டும்."

"எடுத்தாச்சுன்னு சொல்லுக்கா."

இத்தனைக்கும் இருவருக்கும் நடுவில் ஒரு பானட்தான் இருக்கும். ஒருவர் இருமினால் இன்னொருவருக்குத் தும்மல் வரும், அவ்வளவு பக்கம். ஆனாலும் அக்கா தையல் மெஷினை நிறுத்தி, எழுந்து வந்து, "எடுத்தாச்சாம்" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் கேஸ்காரர் காதில் விழும். வீட்டிலும் இதே கதை. தம்பிக்கும் அங்கேதான் சாப்பாடு, அங்கேதான் படுக்கை. உப்பு டப்பாகூட அவள் கை வழியாகத்தான் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகும்.

கழற்றுகிற திருகாணிகளை அவர்கள் முட்டை அட்டையில்தான் போட்டு வைப்பார்கள். கழற்றின வரிசையிலேயே குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு போனால், மாட்டும்போது பின்னாலிருந்து எடுத்துக்கொண்டு வரலாம். இத்தனை காலமும் இருவருக்கும் ஒரே அட்டை. சண்டைக்கு அப்புறம் தம்பி தனக்கென்று ஓர் அட்டை கொண்டுவந்து வைத்துக்கொண்டான். அதைப் பார்த்த அன்று அக்காவுக்குத் தைக்க ஓடவில்லை. அண்ணன் தம்பி பாகம் பிரித்து அடுப்பு இரண்டானதைப் பார்த்த மாதிரி இருந்தது.

இந்த நிலையில்தான் டிரைவிங் ஸ்கூல் அம்மா தன் வண்டியைக் கொண்டுவந்தார். அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் வைத்த வண்டி. வேர்த்துக்கொட்ட வண்டி ஓட்டப் பழகுகிறவர்களுக்கு எந்தக் குளிரிலும் ஏசி வேண்டும், கண்ணாடியில் படிகிற பனியை எடுக்கவும் வேண்டும் என்பார். கூலிங் காயிலில் ஓட்டை விழுந்து கேஸ் நிற்கவில்லை. காயிலை மாற்ற டேஷ்போர்டையே வெளியே எடுக்க வேண்டும்.

அது ஒரு ஆள் வேலை இல்லை. முன் சீட்டுகளை எடுத்து, ஸ்டியரிங்கை இறக்கி, மீட்டரைப் பிரித்து, வயர்களை இணைக்கிற கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, கடைசியில் ஒரு கதவில் ஒருவர், மறு கதவில் ஒருவர் நின்று பிள்ளைப்பேறு பார்க்கிற பக்குவத்தில் மெல்ல இழுக்க வேண்டும். பழைய நாளில் அவர்கள் இழுக்கும்போது கேட்க வேடிக்கையாக இருக்கும். "வா வா வா", "இரு இரு", "உன் பக்கம் மூக்க தூக்கு" என்று இரண்டு பேரும் ஒரே வாயாகப் பேசுவார்கள். திரும்ப மாட்டும்போது, டேஷ்போர்டை ஏற்றுவதற்கு முன்னால், யாராவது ஒருவர் "குழாய்?" என்பார். மற்றவர் "போட்டாச்சு" என்பார். காயில் குளிர்ந்தால் அதில் தண்ணீர் வேர்க்கும். அது வண்டிக்கு அடியில் போய் விழ ஒரு சின்ன ரப்பர் குழாய் உண்டு. அது சரியாக நடுவில் இருக்கும், இரண்டு பக்கத்துக் கையும் எட்டும். யார் வேண்டுமானாலும் மாட்டலாம் என்பதால்தான் அந்தக் கேள்வி.

இந்த முறை எல்லாப் பேச்சும் அக்கா வழியாகப் போயிற்று. அந்த ஒரு சொல்லை மட்டும் யாரும் அவளிடம் கொடுத்தனுப்பவில்லை. டேஷ்போர்டு ஏறியது, ஏசி பனிக்கட்டியாக வீசியது, அந்த அம்மா வாழ்த்திவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் கொட்டகைக் குழாயடியில் கை கழுவும்போது தம்பி சொன்னான்.

"அக்கா, பெரிய ஷோரூம்ல என்ன வரச் சொல்லிட்டாங்க. திங்கட்கிழமை சேரணும். தங்க இடமும் அங்கயே குடுக்குறாங்க. மாமாகிட்ட சொல்லிடு."

அக்கா கையில் சோப்பு நுரை அப்படியே நின்றது. உப்பு கேட்டதைச் சுமந்தாள், ஸ்பேனர் கேட்டதைச் சுமந்தாள், முறைப்பையும் முனகலையும்கூட முனை மழுக்கிச் சுமந்து கொடுத்தாள். இதைத் தூக்கினாள், ஆனால் இறக்கி வைக்கத் தெம்பில்லை. அவன் போய்விட்டால் இரண்டு பேரும் ஒட்டாத இரண்டு சுவராகத் தனித்தனியாக நின்றுவிடுவார்கள். அவள் யாருடைய வீட்டில் இருந்துகொண்டு யாரை நினைப்பது?

மறுநாள் தம்பி, "சொன்னியா?" என்றான்.

"ம்" என்றாள்.

"மாமா என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

இரண்டாவது சொன்னது மட்டும் நிஜம். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். அந்த முதுகைப் பார்த்த பிறகு அக்காவுக்குப் படுத்தாலும் கண் மூடவில்லை.

சனிக்கிழமை காலையில் டிரைவிங் ஸ்கூல் அம்மா ஒரு காலில் செருப்பும் ஒரு கையில் செருப்புமாக வந்து நின்றார். கையிலிருந்த செருப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஊருக்கெல்லாம் வெயிலு, என் காலுக்கு மட்டும் மழை" என்றார். "பிரேக் மிதிச்சா சதக்குனு சத்தம் வருது. நேத்து ஒரு பொண்ணு வளைவுல வேகமா திருப்பிட்டா. திரும்பிப் பாத்தா என் காலடியில ஈரம். டீச்சர் பயந்துட்டாங்கன்னு அவ நினைச்சுக்கிட்டா. வெளிய போய் எத்தன பேர்கிட்ட சொன்னாளோ."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. கேஸ்காரருக்கும் தம்பிக்கும் வரவில்லை. இருவரும் ஒரே சமயத்தில் தரைவிரிப்பைத் தொட்டுப் பார்த்தார்கள், ஒரே சமயத்தில் கையை எடுத்துக்கொண்டார்கள். குழாய். அந்த வண்டியில் டேஷ்போர்டை எடுக்காமல் அந்த இடத்துக்கு எலிகூடப் போக முடியாது.

"மொதல்லேருந்து பிரிக்கணும்னு சொல்லு" என்றார் கேஸ்காரர் அக்காவிடம்.

"தெரியும்னு சொல்லு" என்றான் தம்பி.

சீட்டுகள் மறுபடி இறங்கின. அட்டைகள் இரண்டும் இரண்டு ஓரத்தில் நிரம்பின. அக்கா பின்சீட்டு விளிம்பில் உட்கார்ந்து, நடுவில் கையை விட்டுக் கப்ளர்களைக் கழற்றிக்கொண்டு வந்தாள். கடைசியாக ஒன்றுதான் பாக்கி. டேஷ்போர்டைக் கொஞ்சம் முன்னால் இழுத்தால்தான் அதன் பல் கைக்குக் கிடைக்கும். இருவரும் ஆளுக்கொரு கதவில் நின்று தூக்கினார்கள். கொக்கியிலிருந்து டேஷ்போர்டு விடுபட்டு அவர்கள் கைகளில் நின்றது. இனி இறக்கவும் முடியாது, வெளியே எடுக்கவும் முடியாது. அந்தக் கப்ளர் கழன்றாக வேண்டும்.

"அவன் பக்கம் ஒசத்தச் சொல்லு" என்றார் கேஸ்காரர்.

"அக்கா, மாமாவ கொஞ்சம் இழுக்கச் சொல்லு. இல்லன்னா கப்ளரு எட்டாது."

அக்கா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. கோபம்கூட வரவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் கேஸ்காரர்.

"அசதியா இருக்கு."

"கப்ளர எடுத்துட்டு உக்காரு. கை விட்டுப்போகுது."

"கப்ளர எடுக்குறேன். பேச்ச இனிமே தூக்க மாட்டேன். ஒருத்தர் சொல்றது ஒருத்தருக்கு நல்லாத்தான் கேக்குது. நடுவுல எனக்கு என்ன வேலை?"

வெளியே ஸ்டூலில் ஒற்றைக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த டிரைவிங் ஸ்கூல் அம்மா, "என் வண்டியிலதான் ரெண்டு பிரேக்குன்னு நினைச்சேன்" என்றார். "இந்தக் கடையிலயும் ரெண்டு பிரேக்குதான் போல."

இருவர் கையிலும் டேஷ்போர்டு மெல்ல நடுங்கியது.

தம்பிதான் முதலில் வாயைத் திறந்தான். அதுவும் அக்காவைப் பார்த்துத்தான். "போற ஆளுக்கு எதுக்குக்கா பேச்சு. போறேன்னு சொல்லி அனுப்பியும் ஒரு வார்த்தை வரல. அப்பவே புரிஞ்சுது."

கேஸ்காரர் மனைவியைப் பார்த்தார். "யாரு போறா?"

அவர் டேஷ்போர்டுக்கு மேலாகத் தலையை நீட்டினார். இத்தனை நாள் கழித்து முதல் தடவையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தார்.

"எங்கடா போற?"

தம்பி திகைத்துப்போய் அக்கா பக்கம் திரும்பினான். "நீ சொல்லலையா?"

"சொல்லல. அந்த ஒண்ண மட்டும் என்னால தூக்க முடியல" என்றாள் அக்கா.

"ஷோரூம்ல கூப்பிட்டாங்க மாமா. திங்கட்கிழமையிலேருந்து. அங்கயே தங்கிக்கலாம்னு."

கேஸ்காரர் தோளைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டார். "இத எறக்கிட்டுப் பேசலாம்டா."

"எறக்கிட்டா நீங்க பேச மாட்டீங்க."

அது உண்மைதான் என்று மூவருக்கும் தெரியும். கேஸ்காரர் ஸ்டியரிங் இருந்த காலி இடத்தைப் பார்த்தார்.

"யாரு கடைன்னு அன்னிக்குக் கேட்டேன்ல. அத கேட்டிருக்கக் கூடாது."

"நானும் அந்த ஆள வச்சுக்கிட்டு அத சொல்லியிருக்கக் கூடாது."

"சரி, ஒசத்து. உசுரு போகுது."

"நீங்க இழுங்க மொதல்ல."

அக்கா முன்னால் குனிந்து கையை விட்டாள். டக்கென்று கப்ளர் கழன்றது. டேஷ்போர்டு வெளியே வந்தது. அடியில் அந்த ரப்பர் குழாய் மூடின வாய் மாதிரி மடங்கிக் கிடந்தது.

"நீ போட்டிருப்பேன்னு நினைச்சேன்" என்றார் அவர்.

"நீங்க போட்டிருப்பீங்கன்னு நான் நினைச்சேன்."

அதற்கப்புறம் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. களைத்த ஆம்பிளைகள் இருவர் வேலையைப் பார்த்தார்கள். வெகுநேரம் கழித்துக் கேஸ்காரர், "வர்றேன்னு வாக்கு குடுத்துட்டியா?" என்றார்.

"குடுத்துட்டேன்."

"ம்." ஒரு திருகாணியை முடுக்கினார். "திங்கட்கிழமை ஒரு வேன் வருது. ஹீட்டர் மாத்தணும். பெரிய டேஷ்போர்டு."

"அக்கா ஒரு பக்கம் பிடிக்க மாட்டாளா?"

"அவதான் இனிமே எதையும் தூக்க மாட்டேன்னுட்டாளே."

தம்பி துணியில் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு, "வரலைன்னு போன் பண்ணணும். நீங்க பேசுறீங்களா மாமா?" என்றான்.

"ஏன், உன் வாய்க்கு என்ன?"

தம்பி கொட்டகை வாசலுக்குப் போய்ப் பேசினான். என்ன பேசினான் என்று கேட்கவில்லை; அடிக்கடி தலையைத் தடவிக்கொண்டான், யாரோ எதிரில் நின்று திட்டுகிற மாதிரி நெளிந்தான். திரும்பி வந்து தன் கதவுப் பக்கம் நின்றான்.

"குழாய்?" என்றார் கேஸ்காரர்.

"போட்டாச்சு."

"தொட்டுப் பாத்தியா?"

"நீங்களும் ஒரு கை தொட்டுருங்க."

டேஷ்போர்டு ஏறியது. இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போட்டு, இருவரும் தரையில் குப்புறப் படுத்து வண்டிக்கு அடியில் பார்த்தார்கள். டிரைவிங் ஸ்கூல் அம்மாவும் செருப்பைக் கையில் பிடித்தபடி குனிந்தார். காத்திருந்தார்கள். சிமெண்டுத் தரையில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.

அக்கா அதைப் பார்க்கவில்லை. வண்டியிலிருந்து இறக்கி வைத்திருந்த முன் சீட்டில் உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்து கண் அயர்ந்திருந்தாள். ஒரு கையில் கிளிப் ஒன்று இன்னும் இருந்தது.

சீட்டை மாட்ட வேண்டியிருந்தது. தம்பி பக்கத்தில் வந்து, "அக்கா, மாமாகிட்ட கொஞ்சம் சொ—" என்று ஆரம்பித்தான். அவள் அசையவில்லை. அவன் அந்தக் கிளிப்பை மெதுவாக எடுத்து முட்டை அட்டையில் போட்டுவிட்டு, வண்டியைச் சுற்றிக்கொண்டு மாமா இருக்கிற பக்கம் போனான்.