அவள் கையால் மூன்று மாத்திரை

வீட்டுக்கு வந்ததும் கலர் முதலில் செருப்பைக் கழற்றினார், அடுத்து வாயைத் திறந்தார். வாசல்படியிலேயே நின்று மனைவியின் முகத்துக்கு நேராக ஊதிக் காட்டினார். அவள் கிட்டே போய் முகர்ந்தாள். தின்னர் வாடை அடித்தது, வேறு எதுவும் தெரியவில்லை. தெரியாததுதான் அவள் சந்தேகத்தை இன்னும் கிளப்பியது. பெயின்ட் கடையில் பொழுதெல்லாம் நிற்கிற மனிதருக்கு ஒரு வாடையை இன்னொரு வாடையால் மறைக்கச் சொல்லித் தரவா வேண்டும்?

அவரைக் கலர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பெயின்ட் கடையில் நிறம் கலந்து கொடுப்பது வேலை. சுவரிலிருந்து நகக்கண் அளவு காரையைப் பெயர்த்துக்கொண்டு போய் நீட்டினாலும், அதே நிறத்தை டப்பாவில் வரவழைத்துவிடுவார். அவளுக்குத் தையல் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வந்த சட்டையை வெளிச்சத்தில் ஒரு திருப்புத் திருப்பினால் போதும், விட்டுப்போன தையல் தானாகவே வந்து அவளிடம் மாட்டிக்கொள்ளும். அவள் கண்ணில் மண்ணைத் தூவ அங்கே ஒருவராலும் முடிந்ததில்லை. அதனால் கம்பெனியில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கலர் ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர். மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் விட்டார், விட்டவர் விட்டவர்தான். அன்றைக்கே மனைவியிடம் சொன்னார், "இனிமே என் வாய்க்குள்ள என்ன போகணும்னு நீயே பாத்துக்க. என்னை நம்பி என்னை விடாதே." அவளும் அந்தப் பொறுப்பை வாங்கிக்கொண்டாள். சாப்பாடு, டீ, இருமல் மருந்து, எல்லாம் அவள் கையால்தான். பிறகு சர்க்கரை நோய் வந்து சேர்ந்தது, மாத்திரையும் அவள் இலாகா ஆனது. காலையில் அவர் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை நீட்டுவார். அவள் மாத்திரைகளை வைப்பாள். என்ன, எத்தனை என்று ஒருநாளும் பார்க்க மாட்டார், அப்படியே வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்துவிடுவார். வேலைக்குப் போகிற மகள் பார்த்துப் பார்த்துச் சிரிப்பாள். "அப்பா, அம்மா ஒருநாள் சட்டைப் பட்டனை வெச்சாலும் முழுங்கிடுவீங்க."

இத்தனை கட்டுப்பாட்டையும் மீறி மனிதர் மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்று கேட்டபோது அவளுக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. சொன்னவர் கடை முதலாளி. "அக்கா, தப்பா நினைக்காதீங்க. மத்தியானம் ஆகுறதுக்குள்ள கை நடுங்குது. வேர்த்துக் கொட்டுது. நாக்கு குழறுது. ஒண்ணும் சொல்லலைன்னாலும் எரிஞ்சு விழறாரு. நேத்து ஒருத்தர் வீட்டு ஹாலுக்கு வெளிர் மஞ்சள் கேட்டா, பச்சையைக் கலந்து குடுத்திருக்காரு. ஹால் முழுக்க அடிச்சு முடிச்சுட்டுத்தான் வந்து சத்தம் போட்டாங்க. உள்ளதைச் சொல்லணும்னா, பழைய பழக்கம் திரும்பிடுச்சுன்னுதான் தோணுது."

அன்று தொடங்கியது வீட்டில் மகாபாரதம். கலர் சத்தியம் செய்தார், கெஞ்சினார், கோபப்பட்டார். அவள் மசியவில்லை. மகள் அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் குடைந்ததில், ஒருநாள் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டார், "சரி, குடிச்சேன். போதுமா?"

ஒத்துக்கொண்ட பிறகு என்ன இருக்கிறது? அவள் அவரைச் சாப்பிடக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். காலையில் தட்டை மூடி மேஜையில் வைப்பாள். கூப்பிடாத சாப்பாட்டில் கை வைக்க அவருக்குக் கூச்சம், அப்படியே கிளம்பிப் போய்விடுவார். ரோஷத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை என்று அவள் நினைத்துக்கொள்வாள். ஆனால் மாத்திரையை மட்டும் ஒருநாளும் அவள் தவறவிட்டதில்லை. சண்டை வேறு, மாத்திரை வேறு. முகத்தைத் திருப்பிக்கொண்டாவது உள்ளங்கையில் வைத்து, அவர் விழுங்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். கட்டிய மனைவி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று தன்னைத் தானே மெச்சிக்கொள்ளவும் செய்தாள்.

அன்று வாசலில் ஊதிக் காட்டியவரிடம் அவள் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள்.

"கடையிலேர்ந்து இன்னொரு ஃபோன் வந்துச்சுன்னா உங்களுக்கு வேலை இருக்காதாம், முதலாளி சொல்லிட்டாரு. நானும் சொல்லிடறேன். நானும் பொண்ணும் வேற வீடு பாத்துப் போயிடுவோம்."

கலர் தலையை ஆட்டினார். மறுநாள் காலையில் கண்ணை மூடிக் கையை நீட்டினார், விழுங்கினார், மூடியிருந்த தட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

முன்பகலிலேயே ஃபோன் வந்தது. அவள் கையிலிருந்த சட்டையை அப்படியே போட்டுவிட்டுப் புறப்பட்டாள். வழியெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகளை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனாள். நாலு பேர் முன்னால் கேட்டால்தான் உறைக்கும் என்று முடிவே செய்துவிட்டாள்.

கலர் கடையின் பின்கட்டில், நிறம் கலக்கும் மெஷின் பக்கத்தில் தரையில் கிடந்தார். சட்டை தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி நனைந்திருந்தது. முதலாளி கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். "தெளியட்டும்னு விட்டுட்டேன் அக்கா. கறுப்பு டீ கூடக் குடுத்துப் பாத்தேன். நீங்க சொன்ன மாதிரியே சர்க்கரை போடாமத்தான் குடுத்தேன்."

அவள் குனிந்து அவர் வாயருகே மூக்கை வைத்தாள். ஒன்றுமில்லை. தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எந்திரிங்க. நடிக்காதீங்க. மானம் போகுது."

கலர் கண்ணைத் திறந்தார். அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தார். "யாரும்மா நீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். அடுத்த நொடி அவர் கைகால் வெட்டி வெட்டி இழுக்கத் தொடங்கியது. அவள் அடுக்கி வைத்திருந்த கேள்வி ஒன்றுகூட நினைவில் இல்லை. அவளுக்கு அப்போது தெரிந்ததெல்லாம் பயம்தான்.

முதலாளியே வண்டியில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். நர்ஸ் விரலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்ன மெஷினில் வைத்தாள். அதில் வந்த எண்ணைப் பார்த்ததும் உள்ளே ஓடினாள். டாக்டரம்மா வந்தார். நரம்பில் குளுக்கோஸ் ஏறியது. கொஞ்ச நேரம்தான், கலர் கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்து, "கடையை யாரு பாத்துக்கறாங்க?" என்று தெளிவாகக் கேட்டார்.

போதை தெளிவதை அவள் எத்தனையோ தடவை பார்த்தவள். அது இப்படித் தெளியாது.

"இவர் என்னென்ன மாத்திரை சாப்பிடறார்?" என்று டாக்டரம்மா கேட்டார். "எல்லாத்தையும் நான் பாக்கணும்."

மகளுக்கு ஃபோன் போனது. மாத்திரை டப்பாவை அப்படியே தூக்கிக்கொண்டு அவள் ஓடி வந்தாள். டாக்டரம்மா சர்க்கரை நோய் மாத்திரை அட்டைகள் மூன்றையும் வெளியே எடுத்து மேஜையில் வரிசையாகப் போட்டார். ஒவ்வொன்றையும் திருப்பிப் பின்பக்கம் படித்தார். மூன்றாவதைப் படித்ததும் நிமிர்ந்தார்.

"இது எப்போ வந்தது?"

"போன மாசம் டாக்டர். செக்கப்புக்கு இவர் மட்டும் தனியாப் போனாரு. இந்த அட்டையைக் கொண்டாந்து மேஜைல வெச்சுட்டு, கடையில கூட்டம்னு உடனே ஓடிட்டாரு. சர்க்கரை ஏறியிருக்கும் போல, அதான் இன்னொண்ணு சேத்திருக்காங்கன்னு நான்..."

"பழசு ரெண்டையும் நிறுத்தலையா?"

"நிறுத்தவா? அட்டை பாதி பாதி மிச்சம் இருந்துச்சே."

டாக்டரம்மா குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

"இந்தப் பெரிய வெள்ளை மாத்திரைல ஒரு மருந்து. இந்தச் சின்னதுல வேற ஒரு மருந்து. இந்த ரெண்டையும் ஒண்ணா சேத்துச் செஞ்சதுதான் இந்தப் புதுசு. ரெண்டு மாத்திரை எதுக்கு, ஒண்ணாப் போட்டுக்கட்டும்னு மாத்தி எழுதியிருக்காங்க. நீங்க மூணையும் குடுத்திருக்கீங்க. எல்லாமே டபுளாப் போயிருக்கு."

"நிறம் வேற மாதிரி இருந்துச்சே டாக்டர். பேரும் வேற."

"மேல இருக்கிற பேர் கம்பெனி வைக்கிறது. உள்ள என்ன மருந்துன்னு பின்னாடி சின்ன எழுத்துல போட்டிருக்கும், பாருங்க."

பூதக்கண்ணாடி அட்டைகளை வாங்கிப் பார்த்தாள். சின்ன எழுத்துதான், ஆனால் படிக்க முடியாத எழுத்தில்லை. இரண்டு பழைய அட்டையில் தனித்தனியாக இருந்த பெயர்கள் புதிய அட்டையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. கடையில் கலந்து கொடுத்த பெயின்டில் வீட்டுக்குப் போய் மறுபடியும் நிறத்தை ஊற்றிவிட்டு, சுவர் கெட்டுப்போச்சு என்று சண்டைக்கு வரும் ஆட்களைப் பற்றிக் கலர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவளும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

"இந்தச் சின்ன மாத்திரை இருக்கே, இது சர்க்கரையைக் கீழ இறக்கும். அளவு கூடிட்டா ரொம்பக் கீழ இறக்கிடும்" என்றார் டாக்டரம்மா. "அப்போ வேர்க்கும், நடுங்கும், நாக்கு குழறும், சம்பந்தமில்லாம கோபம் வரும். பாக்கிறவங்களுக்குக் குடிச்ச மாதிரியே இருக்கும். அந்த நேரத்துல முழுங்க முடிஞ்சா உடனே சர்க்கரைத் தண்ணி குடுத்திருந்தாலே சமாளிச்சிருக்கலாம். நினைவு தப்பிட்டா வாயில எதுவும் ஊத்தாம நேரா இங்க கொண்டு வந்துடணும். அதோட, இதைச் சாப்பாட்டோடதான் போடணும். வெறும் வயித்துல போடவே கூடாது. காலைல நல்லா சாப்பிடுவார் இல்லையா?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். மூடி வைத்த தட்டு இரண்டு பேர் கண்முன்னும் வந்து நின்றது.

"அம்மா" என்றாள் மகள். "அப்படின்னா அப்பா குடிக்கவே இல்லையா?"

பக்கத்தில் இருந்த பெஞ்சில் அம்மா உட்கார்ந்துவிட்டாள். மாத்திரையைக் கொடுத்தது அவள். சாப்பாட்டுக்குக் கூப்பிடாமல் இருந்தது அவள். டீயில் ஒரு சிட்டிகை சர்க்கரை போடக் கூடாது என்று முதலாளியிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்தவளும் அவளேதான். விரோதிகூட இவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்க மாட்டான். இதையெல்லாம் செய்துவிட்டு, தினமும் சாயங்காலம் வாசலில் நிறுத்தி வாயை வேறு முகர்ந்து பார்த்தாள்.

மாத்திரையின் வேகம் இன்னும் உடம்பில் இருக்கிறது, சர்க்கரை மறுபடியும் இறங்கலாம், அதனால் நாளை வரை இங்கேயே இருக்கட்டும், சர்க்கரை மாத்திரை எதுவும் நான் சொல்லும்வரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா போனார். போகும்போது மட்டும் திரும்பி, "புதுசு ஒண்ணு வந்தா, பழசு இருக்கணுமா போகணுமான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கங்கம்மா" என்றார். முதலாளி வெளியே நின்று யாரையும் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் உள்ளே போனபோது கலர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நர்ஸ் கொண்டுவந்து வைத்த தட்டு தொடாமல் பக்கத்தில் இருந்தது. அவளைப் பார்த்ததும் லேசாகச் சிரித்தார்.

"என்ன, ஊதிக் காட்டணுமா?"

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தேம்பலுக்கு நடுவே எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார். டாக்டர் ரெண்டுக்குப் பதிலாக ஒன்று என்றுதான் சொன்னார், அதை நான் வந்து சொல்லியிருக்கணும், மாத்திரைதான் உன் பொறுப்பாச்சே என்று இருந்துவிட்டேன் என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுவே அவளை இன்னும் அறுத்தது.

"திட்டுங்க" என்றாள். "நான் பண்ணினதுக்கு நாலு வார்த்தை திட்டுங்க. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்க. குடிக்காத மனுஷன் ஏன் குடிச்சேன்னு ஒத்துக்கிட்டீங்க?"

கலர் தலையணையிலிருந்து நிமிர்ந்தார்.

"நிஜமாவே எனக்குத் தெரியலை. தினமும் நடுவுல கொஞ்ச நேரம் என்ன பண்ணினேன்னே ஞாபகம் இருக்காது. 'குடிச்சீங்க'ன்னு நீதான் சொன்னே. குடிச்சிருப்பேன் போலன்னு நானும் நம்பிட்டேன்." அவர் அவளை நேராகப் பார்த்தார். "என் வாய்க்குள்ள என்ன போகுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? உனக்குத்தானே தெரியும்."

சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த தட்டைக் காட்டி, சாப்பிடலாமா என்று அவளிடம் கேட்டார்.