முப்பத்தொன்றாம் எண்

முப்பத்தொன்று நான் இல்லை, நான் முப்பத்திரண்டு, அது எனக்குத் தெரியாதா என்ன... எனக்கு முன் பெஞ்சில் முப்பத்தொன்றான பொன்னுரங்கம் எழுந்து உட்கார்ந்தால் அடுத்தது நான், "பிரசன்ட் சார்", காது சரியாகக் கேட்காதவன் இரண்டு வருஷமாக இப்படித்தான் ஓட்டுகிறேன், அவன் வராத நாளில் முப்பதாம் எண்காரனைப் பார்த்துவிட்டு, ஆசிரியரின் உதடு ஒரு தடவை அசைந்து ஓயும்வரை பொறுத்து எழுந்திருப்பேன், இன்றைக்குப் பார்த்து சுப்ரமணியன் சார் ரெஜிஸ்டரில் குனிந்தபடியே கூப்பிட்டார், உதடு தெரியவில்லை, வராத அவன் எண்ணுக்கே முந்திக்கொண்டேன். வராதவனுக்கு ஆஜர் சொன்ன குற்றத்துக்கு இப்போது சாருடைய அறை வாசலில் நிற்கிறேன். வகுப்புத் தோழன் துரை போகிற போக்கில் தோளை உலுக்கி, முகத்துக்கு நேரே வந்து, "இன்னா மச்சான், அவனுக்கு ப்ராக்ஸியா? சொல்லவே இல்ல" என்று கண்ணடித்துவிட்டுப் போனான். தாம்பரத்துக் கல்லூரிக்குப் படிக்க வந்து என்னை ஒருவன் மச்சான் என்றது இதுதான் முதல் தடவை, வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தது.

உள்ளே கூப்பிட்டார். சட்டைப்பையில் காது டாக்டரின் சீட்டு, முதல் பெஞ்சில் உட்கார வைக்கவும், முகம் பார்த்துப் பேசவும்... "குடுத்தியாடா?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம் "குடுத்தாச்சும்மா". இப்போது எடுத்து நீட்டினால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். முடிந்துவிடுமா? பள்ளிக்கூடத்தில் நீட்டினேனே, வாத்தியார் வகுப்பிலேயே படித்துக் காட்டினார், நல்ல எண்ணத்தில்தான், மறுநாளிலிருந்து எல்லோரும் வாயை அகலத் திறந்து என்னிடம் கத்தினார்கள், கொஞ்ச நாளில் கத்துவதையும் விட்டார்கள், பேசுவதையும். செவிடன் என்பதைவிடத் திருடன் மேல்... இல்லையா? "ஃப்ரெண்டுக்காகத்தானே? ஒத்துக்கிட்டு எழுதிக் குடு. இல்லேன்னா அப்பாவைக் கூட்டிட்டு வா." சார் நிமிர்ந்து பார்த்துச் சொன்னதால் உதடு தெரிந்தது, முழுசாகப் புரிந்தது. அப்பா வந்தால் முதலில் என் காதைப் பற்றித்தான் பேசுவார், பொழிச்சலூரிலிருந்து சைக்கிள் மிதித்து வந்தாவது பேசுவார். காகிதத்தை வாங்கிக்கொண்டேன். என் நண்பன் பொன்னுரங்கத்துக்காக என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. நண்பனா? அவன் பிடரி தெரியும், இடது காதுக்குப் பின்னால் மச்சம் தெரியும், எந்தச் சட்டைக்குக் காலர் நைந்திருக்கிறது என்பதுகூடத் தெரியும், ஒரு வார்த்தை பேசியதில்லை. துரை சும்மா இருப்பானா, இந்நேரம் ஊரெல்லாம் சொல்லியிருப்பான், நாளைக்குப் பொன்னுரங்கம் வருவான், முதல்முறையாக என் பக்கம் திரும்புவான், எனக்காக ஏன்டா மாட்டிக்கிட்டே என்பானோ, வேறு என்ன சொல்வானோ... பாடம் நடக்கும்போது எல்லோரும் பேசுவார்களே, அப்படி, கையால் வாயை மறைத்துக்கொண்டு.