நாலு வரை எண்ணியவள்

முதல் இரண்டு அடி அந்த ஆளுக்கு வேண்டியதுதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. போலீசுக்கு இல்லை, வக்கீலுக்கு இல்லை, அவன் பெண்டாட்டிக்கே இருந்திருக்காது. வம்பு முழுக்க மூன்றாவதிலும் நாலாவதிலும்தான்.

அவள் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுப்பவள். பதினோரு வருட வேலை. போகிற தெருக்களில் எல்லோருக்கும் அவள் மீட்டரக்கா. பெயரைக் கேட்டவர்கள் யாருமில்லை, அவளும் சொன்னதில்லை. தோளில் ஒரு பை, கையில் மீட்டர் எண்களைப் பதியும் கருவி, இருட்டு மூலைகளுக்கு ஒரு டார்ச். நாய் குரைக்கும் வீடு எது, கதவைத் திறக்காமலே "போன மாசமே தப்பா போட்டுட்ட" என்று கத்தும் வீடு எது என்பதெல்லாம் கால்களுக்கே மனப்பாடம்.

அன்றைக்குப் பகல் பதினொன்றரை மணி. ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், கார்களெல்லாம் போன பிறகு எண்ணெய்க் கறை மட்டும் மிச்சமிருக்கும் இடத்துக்குப் பின்னால், மீட்டர் அறை. முப்பத்திரண்டு மீட்டர்களில் பத்தொன்பதாவதைப் படித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் மாடிக்காரன் உள்ளே வந்தான். இரும்புக் கதவைக் காலால் தள்ளிச் சாத்தினான்.

"என்ன அவசரம்? மெதுவா படிங்க" என்றான். ஒரு கை அவள் மணிக்கட்டில் விழுந்தது, இன்னொன்று இடுப்பில்.

பிடியைத் திருகி உருவினாள். உள்ளங்கையின் அடியால் அவன் மோவாயில் ஒன்று. முழங்காலால் கவட்டில் இரண்டு. அவன் சுவரில் சரிந்து உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் தலையில் முழங்கையால் மூன்று. முகத்தில் குதிகாலால் நாலு. பிறகு கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். கருவி அங்கேயே கிடந்தது. வகுப்பில் சொல்லிக்கொடுத்த வரிசை இம்மிகூடப் பிசகவில்லை.

யாரோ செம்புக் கம்பி திருடியதால் அந்த அறையில் கேமரா வைத்திருந்தார்கள். எல்லாம் பதிவாகியிருந்தது, சத்தம் மட்டும் இல்லை.

மூன்று நாள் அவள் வீராங்கனை. அன்று சாயங்காலம் ஸ்டேஷனில் ஒரு பெண் காவலர் தண்ணீர் கொடுத்து, "நல்லா குடுத்தீங்கக்கா" என்றாள். குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் அவள் கணவன், அடுத்த இரண்டு நாளும் போகிற வீட்டிலெல்லாம் பெட்டியைக் கழற்றுவதற்கு முன் கதையைத்தான் கழற்றினான். "என் வீட்டுக்காரி கையைத் தொட்டா என்ன ஆகும்னு நானே இப்பதான் தெரிஞ்சுக்கிட்டேன். நேத்துல இருந்து மரியாதையாதான் பேசறேன்" என்பான். கேட்டவர்கள் சிரித்தார்கள்.

நாலாம் நாள் டாக்டர் சான்றிதழ் வந்தது. அந்த ஆளுக்கு இடது கண் போய்விட்டது, இனித் திரும்பாது. அவன் மேல் அவள் கொடுத்த புகார் ஒரு கோப்பிலும், அவள் மேல் அவன் கொடுத்த புகார் இன்னொரு கோப்பிலும் கிடந்தன. இரண்டாவது கோப்பு நாளுக்கு நாள் தடித்துக்கொண்டே போனது.

வக்கீல் பதிவைத் தன் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டார். பழைய ஆள். பல்குச்சியை வாயிலிருந்து எடுக்காமலே பேசுவார்.

"இங்க பாரும்மா. இவன் உன் கையைப் புடிக்கிறான். நீ அடிக்கிற. சரி. ரெண்டாவதும் சரி. இதோ உட்கார்ந்துட்டான். ரெண்டு கையும் எங்க இருக்கு?"

"கீழ."

"எங்க புடிச்சிட்டிருக்கான்?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"அதான். அவன் கை அவன் வேலையைப் பார்த்துட்டு இருக்கு. உன் பக்கம் வரல. கதவு உனக்கு ரெண்டடி தூரத்துல. பூட்டல, சாத்திதான் இருக்கு. ஆபத்து இருக்கிற வரைக்கும் அடிக்கலாம்னுதான் சட்டம் சொல்லுது. ஆபத்து நின்னா கையும் நிக்கணும். அது நின்னப்புறம் இங்க மூணு செகண்டு ஓடுது. முதல் ரெண்டு அடி உன்னோடது, யாரும் கேக்க முடியாது. அடுத்த ரெண்டும் அவனோடது."

"அந்த நேரத்துல எனக்கு எப்படி சார் தெரியும்?"

"அதைத்தான் நாம சொல்லணும். பயத்துல ஒண்ணும் புரியல, நினைவே இல்லைன்னு. புரியுதா? நினைவில்ல. அந்த வகுப்பைப் பத்தி வாயே திறக்காத. பயந்து அடிச்சவளை ஜட்ஜுக்குப் பிடிக்கும். பழகி அடிச்சவளைப் பிடிக்காது."

வகுப்பு என்று அவர் சொன்னது எட்டு சனிக்கிழமைகள். ஒரே வருடத்தில் கணக்கெடுக்கப் போன மூன்று பெண்கள் மேல் ஆண்கள் கைவைத்திருந்தார்கள். நிர்வாகம் கூடிப் பேசி, தற்காப்புப் பயிற்சி என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. கிடங்குக் கொட்டகையில், பழைய கேபிள் உருளைகளை ஓரமாக உருட்டிவிட்டு இடம் செய்தார்கள். மாஸ்டர் முன்பு சிறைக் காவலராக இருந்தவர். அடி வாங்குவதற்கென்று மனைவியின் தம்பியைக் கூட்டி வருவார். தலை முதல் முழங்கால் வரை பஞ்சு வைத்துத் தைத்த உடுப்பில் அவன் வந்து நிற்பான். முதல் வாரமே அவனுக்கு மெத்தை என்று பெயர் விழுந்துவிட்டது.

"மெத்தையண்ணே, வலிக்குதா?"

"எனக்கென்ன வலி? வீட்ல அக்கா இருக்கா, வெளியில நீங்க இருக்கீங்க. பழகிடுச்சு."

முறை இதுதான். பெண்கள் எல்லோரும் தோளோடு தோள் ஒட்டி வட்டமாக நிற்பார்கள். நடுவில் மெத்தையும் ஒருத்தியும். அவன் பிடிப்பான், அவள் அடிப்பாள், வட்டம் முழுவதும் சேர்ந்து எண்ணும். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றில் மெத்தை விழுவான். நாலாவது அடி விழுந்தவன் மேல். "நாலு" என்ற சத்தம் தகரக் கூரையில் மோதித் திரும்பும்போதுதான் வட்டம் விலகி வழி விடும். உடனே ஓட வேண்டும். நாலு முடியாமல் ஓடப் பார்த்தவளை வட்டமே பிடித்து உள்ளே தள்ளும். ஒருதரம் அவளையும் தள்ளினார்கள். எல்லோருக்கும் சிரிப்பு, அவளுக்கும்தான்.

எட்டாவது சனிக்கிழமை கடைசி அரைமணி நேரம் சட்டம். எங்கே நிறுத்த வேண்டும், போலீசிடம் என்ன சொல்ல வேண்டும் என்று மாஸ்டர் தாளைப் பார்த்து வாசித்தார். ஆறேகால் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஏழரைக்கு. பாதிப் பேர் அதற்கு முன்பே பையைத் தூக்கியிருந்தார்கள். அவளும் தூக்கியவள்தான்.

கண் போன செய்திக்குப் பிறகு கணவன் கதை சொல்வதை நிறுத்திவிட்டான். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"அவன்தான் உட்கார்ந்துட்டானே. அப்பவே ஓடியிருக்கலாம்ல?"

"ஓடியிருக்கலாம்."

"இல்ல, குத்தம் சொல்லல. சும்மா கேட்டேன்."

"எல்லாரும் சும்மாதாங்க கேக்கறாங்க."

எழுந்துபோய்க் கையைக் கழுவினான். குழாய் வெகுநேரம் ஓடியது.

அலுவலகத்தில் அவளைத் தெருவுக்கு அனுப்பாமல் உள்ளே உட்கார வைத்தார்கள். பயிற்சி விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் நடந்தது, அதற்கும் நிர்வாகத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று மேலாளர் போலீசுக்கு எழுதிக்கொடுத்திருந்தார். அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவளும் வகுப்புக்கு வந்தவள்தான். வட்டத்தில் அவளுக்குப் பக்கத்தில் நின்று தொண்டை கிழிய எண்ணியவள். இப்போது சாப்பாட்டு அறையில் எதிரில் வந்தால் போனை எடுத்துப் பார்க்கிறாள்.

வேண்டாம் என்று வக்கீல் சொல்லியும் அவள் மாஸ்டரைத் தேடிப் போனாள். வேறொரு கம்பெனியின் கார் நிறுத்துமிடத்தில் புது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அதே வட்டம், வேறு பெண்கள், அதே மெத்தை. அவர்கள் இரண்டு வரைதான் எண்ணினார்கள். இரண்டில் வட்டம் திறந்தது.

இடைவேளையில் மாஸ்டர் அவளைத் தூணுக்குப் பின்னால் கூட்டிப்போனார். தலை நிறைய நரைத்திருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்பு இவ்வளவு இல்லை.

"ரெண்டாக்கிட்டீங்க" என்றாள்.

"ஆக்கிட்டேன்."

"அப்ப நாலு தப்புன்னு தெரிஞ்சுதானே?"

"தப்பில்லம்மா. நீங்கள்லாம் முதல் நாள் எப்படி அடிச்சீங்கன்னு எனக்குத் தெரியும். ஒண்ணு அடிச்சிட்டு, ஐயோ வலிச்சுதான்னு அவன் மூஞ்சியைப் பார்ப்பீங்க. அந்தப் பார்வையிலதான் மாட்டிக்குவீங்க. நாலுன்னு சொல்லி வச்சாதான் ரெண்டாவது ஒழுங்கா விழும். அதுக்குத்தான் நாலு. ரெண்டுலயே ஒருத்தன் உட்காருவான்னு நான் நினைக்கல."

"அவன் உட்கார்ந்துட்டான் மாஸ்டர்."

"பார்த்தேன். போலீஸ்ல காமிச்சாங்க." கொஞ்ச நேரம் தூணின் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினார். "முதல் ரெண்டும் அவ்ளோ சுத்தமா என் வகுப்புல யாரும் அடிச்சதில்ல."

"நீங்க வந்து சொல்லுங்க. நாலு வரைக்கும் எண்ண வச்சது நீங்கதான்னு. நானா அடிக்கலன்னு."

"வரேன். இப்பவே வரேன். ஆனா என்ன சொல்லட்டும்னு நீயே சொல்லு. நாலு அடிக்கச் சொல்லிக்குடுத்தேன்னு சொன்னா, விழுந்தாலும் அடிக்கணும்னு முன்னாடியே பழகி வச்சிருந்தாள்னு எழுதுவாங்க. விழுந்தா நிறுத்துன்னு கடைசி நாள் வாசிச்சேன்னு சொன்னா, சொன்னதையும் மீறி அடிச்சாள்னு எழுதுவாங்க. ரெண்டுமே உண்மை. எதைச் சொன்னாலும் உன் தலையிலதான் போய் விழும். ஏழு நாளா இதையே யோசிச்சிட்டு இருக்கேன்."

அவளும் யோசித்தாள். மூன்றாவதாகச் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை.

மெத்தை முகமூடியைக் கழற்றிவிட்டு வந்து நின்றான். எப்போதும் ஏதாவது கேலி பேசுகிறவன், இன்று வேர்வையைத் துடைத்துக்கொண்டே, "அக்கா, நான் வேணா வரட்டா? நாலும் வாங்கினவன் நான்தானே" என்றான். மாஸ்டர் அவன் தோளைத் தட்டி, "நீ போடா" என்றார். அவன் போனான்.

ஸ்டேஷனில் விசாரணை மறுநாள் காலை பத்து மணிக்கு. ஒரு மேசை, அதன் மேல் ஒரு திரை, அதிகாரி, தட்டச்சு செய்ய ஓர் ஆள். வக்கீல் உட்காரலாம், ஆனால் குறுக்கே பேசக்கூடாது. அதிகாரி நடுவயதுக்காரர், கத்துகிறவர் இல்லை. அவளுக்கு மின்விசிறியைத் திருப்பி வைத்தார். "பயப்படாதீங்கம்மா, உங்க பக்கத்தைக் கேக்கத்தான் கூப்பிட்டோம்" என்றார். அவர் நல்லவராக இருந்ததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

பதிவு ஓடியது. தான் அடிப்பதை அவள் அதற்கு முன் முழுதாகப் பார்த்ததில்லை. திரையில் இருந்தவள் அவசரப்படவில்லை. முகத்தில் பயமும் இல்லை, கோபமும் இல்லை. வரிசையாக மீட்டர் படிக்கும்போது இருக்கும் முகம்.

"இவர் எந்த அடியில விழுந்தாரு?"

"ரெண்டுல."

"நீங்க நிறுத்தினது?"

"நாலுல."

வக்கீல் பல்குச்சியைக் கடித்தார். அவள் வாய்க்குள் நினைவில்லை, நினைவில்லை என்று தயாராகத்தான் இருந்தது. வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்து வந்தாள்.

அதிகாரி படத்தை நிறுத்தினார். அந்த ஆள் உட்கார்ந்திருந்தான். அவள் கை பாதி தூக்கிய நிலையில் நின்றது.

"இந்த இடத்துல, இந்த ஒரு நொடியில, உங்க மனசுல என்ன ஓடுச்சு? நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் திரையைப் பார்த்தாள். அந்த நொடியில் பயம் எதுவும் ஓடவில்லை. அந்த ஆள் இல்லை, அறை இல்லை, சாத்திய கதவுகூட இல்லை. தோளோடு தோள் ஒட்டி நின்ற பெண்களும் தகரக் கூரையும்தான் இருந்தன. நினைவில்லை என்று சொல்லவே வாயைத் திறந்தாள்.

"மூணு" என்றாள்.

"மூணுன்னா?"

"மூணுன்னுதான் சார் ஓடுச்சு. வேற ஒண்ணும் ஓடல."

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி சற்றுநேரம் அவளையே பார்த்தார். அவருக்குப் புரிந்திருக்கலாம், புரியாமலும் இருந்திருக்கலாம். தட்டச்சு செய்கிறவர் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னார். விசைகள் தட்டப்பட்டன. தாள் வெளியே வந்தது.

அவள் படித்தாள். மீட்டர் எண்களைச் சரிபார்ப்பதுபோல விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். கடைசியில் இப்படி இருந்தது: 'எதிராளி இரண்டாவது அடியில் கீழே விழுந்துவிட்டதை அறிவேன். அப்போது அடுத்ததாக மூன்றாவது அடியைப் பற்றி மட்டுமே நினைத்தேன்.'

"நான் இப்படிச் சொல்லல சார்."

"சரி, எங்க மாறியிருக்குன்னு சொல்லுங்க. திருத்திடலாம். விழுந்தது தெரியாதா?"

"தெரியும்."

"மூணைத் தவிர வேற ஏதாவது நினைச்சீங்களா?"

அவள் மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தாள். ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்த்தாள். பொய்யென்று ஒன்றைக்கூடப் பிடிக்க முடியவில்லை. பக்கத்து அறையில் யாரோ யாரையோ டீ வாங்கிவரச் சொன்னார்கள். மின்விசிறி தாளைத் தூக்கியது, அதிகாரி ஒரு மூலையில் விரலை வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"இல்ல" என்றாள்.

அவர் பேனாவை நீட்டினார். "எல்லாப் பக்கத்துலயும் போடுங்கம்மா. கடைசிப் பக்கத்துல மட்டும் தேதி."